பாதி திறந்த கூரையும் அரைக் கோப்பைத் தண்ணீரும்

லண்டனில் பழைய இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கன்வெர்டிபிள் (துணிக் கூரையை மடக்கித் திறக்கும் கார்) ஒன்றை வாங்கினேன், 2001 மாடல். மழை பெய்த மறுநாள் மட்டும் ரிமோட்டுக்குக் கதவு திறக்காது, ஸ்டார்ட்டும் ஆகாது. வெயில் அடித்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

ரிமோட் பேட்டரியை மாற்றினேன். பிறகு கார் பேட்டரியை. கூரைத் துணியில் ஓட்டை தேடியே ஒரு ஞாயிறு போயிற்று.

தரைவிரிப்பு தொட்டால் காய்ந்திருந்தது, ஏமாற்றியது அதுதான். இருக்கையைக் கழற்றி விரிப்பைத் தூக்கினால், அடியிலிருந்த நுரைமெத்தையைப் பிழியலாம் போல ஈரம். அதன் நடுவே இம்மொபிலைசர் பெட்டி (ரிமோட் பூட்டையும், சரியான சாவிக்கு மட்டும் கார் கிளம்புவதையும் பார்த்துக்கொள்ளும் மின்னணுப் பெட்டி), இணைப்புமுனைகளில் பச்சைக் களிம்பு.

கூரை மடங்கும் குழியின் இரு ஓரங்களிலும் வடிகால் துளைகள் உண்டு; அவை அடைத்தால் மழைநீர் காருக்குள் இறங்கும். கூரையைப் பாதியில் நிறுத்தினால்தான் கண்ணில் படும். மக்கிய இலைகளை வாரிவிட்டு, புல்வெட்டியின் நைலான் இழையை உள்ளே விட்டேன் (கம்பி விட்டால் குழாய் கிழியும்). அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றியதும் காருக்கு அடியில் தரையில் கொட்டியது. அப்பாடா!

வாங்கிய அன்று எஞ்சின் சத்தத்தில் மயங்கி நின்றேன். இந்தத் துளையையும் விரிப்பின் அடியையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பழைய பெட்டி தப்பவில்லை. புதியதில் சாவியின் குறியீட்டை ஏற்றியதும் முதல் திருப்பிலேயே கிளம்பியது, அடைமழையில்.