மென்பொருள் லைசென்ஸ் பேரம்: பல்கலைக்கழகங்கள் விலைக்கு முன்னால் பேச வேண்டியவை

லைசென்ஸ் பேரம் என்றாலே எல்லோரும் தள்ளுபடியில்தான் போய் நிற்பார்கள். கம்பெனிக்கும் அதுதான் வசதி. விலையில் 20 சதவீதத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, 'பயனர்' என்ற ஒரே சொல்லின் விளக்கத்தில் அதைத் திரும்ப எடுத்துவிடலாம். அதனால் முதலில் கணக்கு, அடுத்து சொற்கள், விலை கடைசியில்.

பழைய ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே கணக்கெடுப்பில் உட்காருங்கள். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், எத்தனை முறை 'லைசென்ஸ் இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற இரண்டு எண்களையும் லைசென்ஸ்களைப் பகிர்ந்து கொடுக்கும் லைசென்ஸ் சர்வரின் பதிவேட்டிலிருந்து (லாக்) எடுக்கலாம். ஒரு கல்வியாண்டு முழுவதையும் பாருங்கள். விடுமுறை மாதங்களை வைத்துக் கணக்குப் போட்டால் தேர்வு நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வாங்கியது 400, உச்சம் 130, திருப்பி அனுப்பியது பூஜ்யம் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. திருப்பி அனுப்பியது அதிகம் என்றால் அந்த உச்சத்தை நம்ப வேண்டாம். அது வரம்பைத்தான் காட்டுகிறது, தேவையை அல்ல. ஆனால் அப்போதும் உடனே கூடுதலாக வாங்கிவிடாதீர்கள். மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்தான் பாதி இடத்தை அடைத்திருப்பார்கள். சும்மா கிடக்கும் லைசென்ஸைத் தானாகப் பறிக்கும் டைம்அவுட்டை வைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

அடுத்தது எதை வைத்து எண்ணுவது என்பது. வளாகம் முழுவதற்குமான லைசென்ஸ் என்றால் தலைக்கணக்கு வேண்டாம், முழுநேரச் சமானக் கணக்கைக் கேளுங்கள். அதில் அரைநேர மாணவர் இருவர் ஒருவராகத்தான் வருவார்கள். கம்பெனி எண்ணும் முறையை நடுவில் மாற்றுவதும் உண்டு. தரவுத்தள மென்பொருள் கம்பெனியான ஆரக்கிள் 2023 ஜனவரியில் ஜாவா என்ற நிரல்மொழி மென்பொருளின் சந்தாவை மொத்த ஊழியர் எண்ணிக்கைக்கு மாற்றியது; ஜாவாவைத் தொடாத ஊழியரும் அந்தக் கணக்கில் சேர்ந்தார். 'ஒப்பந்தக் காலத்திலும் புதுப்பிப்பிலும் எண்ணும் முறை மாறாது' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

வரைவில் 'பயனர் என்பவர் நிறுவனத்தின் ஊழியர். கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருக்கும். இதை அப்படியே விட்டால் வருகைப் பேராசிரியர் வெளியே. தொழில் நிறுவனம் பணம் தரும் ஆய்வில் பயன்படுத்தினால் அது மீறல். 'ஆசிரியர், ஊழியர், பதிவு பெற்ற மாணவர், வருகை ஆய்வாளர், எங்கிருந்து நுழைந்தாலும், கற்பித்தல், வெளிநிதி ஆய்வு உட்பட எல்லா ஆய்வு, நிர்வாகம்' என்று திருத்துங்கள். ஒப்பீட்டு முடிவுகளை வெளியிடக் கூடாது என்ற தடை இருக்கிறதா என்றும் தேடுங்கள். இதற்கு 'டெவிட் ஷரத்து' என்றே பெயர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் டெவிட் 1983இல் தரவுத்தளங்களின் வேகத்தை ஒப்பிட்டு வெளியிட, அதில் பின்தங்கிய ஆரக்கிள் இப்படியொரு தடையைக் கொண்டுவந்தது. ஆய்வு நடக்கும் இடத்தில் இதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

'எங்கள் இணையதள விதிமுறைகள் பொருந்தும், அவை அவ்வப்போது மாறலாம்' என்ற வரியும் ஆபத்து. அந்த விதிமுறைகளைத் தேதியிட்ட பிடிஎஃப் ஆக ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். மாணவர் திரையில் 'ஏற்கிறேன்' என்று எதை அழுத்தினாலும் கையெழுத்திட்ட ஒப்பந்தமே செல்லும் என்றும் சேருங்கள்.

லைசென்ஸ் அளவுக்குள்தான் பயன்படுத்துகிறீர்களா என்று கம்பெனி சோதிக்கும் ஆடிட் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. 12 மாதத்துக்கு ஒரு முறை, 30 நாள் முன்னறிவிப்பு, செலவு கம்பெனியுடையது, குறைகிற லைசென்ஸை ஒப்பந்த விலையிலேயே வாங்கலாம், அபராதம் இல்லை என்று வரம்பு கட்டுங்கள். கம்பெனிக்கு இழப்பீடு தரும் பொறுப்பையும் வெளியூர் நீதிமன்றத்தையும் அரசுப் பல்கலைக்கழகங்கள் பல சட்டப்படியே ஏற்க முடியாது. எந்த ஊர்ச் சட்டம் என்பதில் இழுபறியானால் அந்த ஷரத்தையே நீக்கி மௌனமாக விடுவது இரு தரப்பும் வழக்கமாக இறங்கிவரும் இடம்.

மாணவர் தரவு கம்பெனியின் சர்வரில் இருக்கப்போகிறது என்றால், உயர்கல்வித் தொழில்நுட்ப அமைப்பான எஜுகாஸ் வெளியிடும் ஹெக்வாட் (HECVAT) பாதுகாப்புக் கேள்வித்தாளைப் பேச்சின் தொடக்கத்திலேயே நிரப்பச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் பொருந்தும் இடத்தில், தரவுக் கசிவு தெரியவந்த 72 மணிக்குள் பல்கலைக்கழகம் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கம்பெனி உங்களிடம் தாமதமாகச் சொன்னால் உங்கள் விசாரணையும் தாமதமாகும். 24 மணி கேளுங்கள்.

இனி விலை. முதல் ஆண்டின் தள்ளுபடியைவிட ஆண்டு ஏற்றத்தின் உச்சவரம்பு முக்கியம்: 7 சதவீதம் ஐந்து முறை ஏறினால் விலை 40 சதவீதம் கூடிவிடும். தானாகப் புதுப்பிக்கும் ஷரத்தை அடித்துவிடுங்கள். காலாண்டு முடிவில் விற்பனையாளர் தரும் அவசரச் சலுகையை வாங்கலாம், ஆனால் ஷரத்துகள் முடிந்த பிறகுதான். பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும். 'இது இல்லாமல் எங்கள் துறை நடக்காது' என்று ஒரு பேராசிரியர் விற்பனையாளரிடம் சொல்லிவிட்டால் கொள்முதல் பிரிவு அப்புறம் எதைப் பேசுவது?

கையெழுத்துக்கு வரும் பிரதியை நீங்கள் கடைசியாகத் திருத்திய வரைவோடு கணினியிலேயே வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அடித்த ஷரத்து பழைய டெம்ப்ளேட்டோடு திரும்பி வந்திருக்கலாம்.