தொடர்படங்களின் சறுக்கலை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் சினிமா விமர்சனம் எழுதிப் பழகும் பிள்ளைகள் சிலர் தங்கள் கட்டுரைகளை என்னிடம் காட்டுவதுண்டு. டைனோசர் பூங்காவைக் காட்டும் 'ஜுராசிக் பார்க்' படவரிசை பின்னால் ஏன் சப்பென்று போனது என்பது அவர்களுக்குப் பிடித்த தலைப்பு. எழுத்துப்பிழை, பெயர்க் குழப்பமெல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும். எங்கள் காலத்திலிருந்து அப்படியே தொடரும் தவறுகள் வேறு.

கிராபிக்ஸ் மேல் பழி போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர் கொண்டுவந்த கட்டுரையில் பாதிக்கு மேல் இதுதான். "அண்ணே, முதல் படத்து டைனோசர் கொள்ளாம். இப்ப வாறதெல்லாம் கம்ப்யூட்டர் பொம்மை" என்றார்.

1993-ல் வந்த முதல் படம் 127 நிமிடம். டைனோசர்கள் திரையில் இருப்பது சுமார் 15 நிமிடம். கம்ப்யூட்டரில் செய்தது அதிலும் பாதிக்குக் குறைவு. டி-ரெக்ஸ் என்ற ராட்சத டைனோசர் வெளியே வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்கு முன் வருவது காரின் டேஷ்போர்டில் இருக்கும் தண்ணீர் டம்ளர். நடுவிலிருந்து வட்டம் வட்டமாக அலை விரிகிறது. அடியில் ஒரு கிட்டார் கம்பியைக் கட்டி, அதை மீட்டித்தான் அந்த அலையை வரவைத்தார்கள். கீரிப்பாறைப் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு இது புரியும். மரக்கிளை ஒடியும் சத்தம்தான் முதலில் கேட்கும், யானை பிறகுதான் கண்ணில் படும். பயமெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

பிந்தைய படங்கள் அந்தப் பொறுமையை விட்டன. தாங்களே எழுப்பிய கேள்வியையும் விட்டன. 2018-ல் வந்த 'ஃபாலன் கிங்டம்' முடிவில் டைனோசர்கள் வெளியுலகுக்கு வந்துவிடுகின்றன. இனி மனிதன் இவற்றோடு எப்படி வாழ்வான்? 2022-ல் 'டொமினியன்' அதை ஓரங்கட்டிவிட்டு ராட்சத வெட்டுக்கிளிகளின் பின்னால் ஓடியது. எல்லோரையும் ஒரு கம்பெனியின் பள்ளத்தாக்குக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. மறுபடியும் பூங்காதான். இது கதையில் எடுத்த முடிவு. கிராபிக்ஸ் கலைஞர்கள் இதற்கு என்ன செய்வார்கள்?

இந்தத் தவறு பணத்தையும் தின்னும். இன்று விமர்சனம் எழுதும் பிள்ளைகள்தான் நாளை குறும்படம் எடுக்கிறார்கள். பேச்சிப்பாறை அணையில் பறக்கும் தட்டு இறங்குவதாக ஒரு குழு படம் எடுத்தது. சீட்டுப் பிடித்த பணம் மொத்தமும் கிராபிக்ஸுக்குப் போனது. முதல் ஷாட்டிலேயே தட்டு இறங்கிவிட்டது. அணைக் காவலாளி யார், ராத்திரியில் அவர் எதற்குப் பயப்படுவார் என்று ஒரு காட்சிகூட இல்லை. பார்த்தவர்கள் "கிராபிக்ஸ் போதாது" என்றார்கள். பையன்களும் அதை நம்பி, அடுத்த படத்துக்குக் கடன் கேட்டு அலைகிறார்கள்.

இயக்குநர் மாறியதால் கெட்டது என்பது

முதல் படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க்தான் 1997-ல் வந்த இரண்டாம் பாகத்தையும் இயக்கினார். ஆள் மாறாமலே சறுக்கல் தொடங்கிவிட்டது.

சின்ன வயதில் பார்த்ததால் பிடித்தது என்பது

இன்றைய பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். டம்ளர் வரும் இடத்தில் கையிலுள்ள மிக்சர் வாய்க்குப் போகாது.

வசூலைச் சாட்சிக்கு இழுப்பது

'டொமினியன்' உலகம் முழுக்க 100 கோடி டாலரைத் தாண்டியது. அந்த எண்ணை எழுதினால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: முதல் படத்தின் முக்கியப் பாத்திரங்களான கிராண்ட், எல்லி, மால்கம் மூவரையும் 29 ஆண்டுகள் கழித்து ஒன்றாகக் கூட்டிவந்த படம் அது. டிக்கெட் எடுத்தவர்களில் எத்தனையோ பேர் அந்த மூவரைப் பார்க்கப் போனவர்கள்.