ஃபார்மசி காலேஜ் சீட்டு: பேக்ரவுண்ட் செக், டிரக் டெஸ்ட்ல பண்ணக்கூடாத தப்புகள்

அமெரிக்கால ஃபார்ம்டி (மருந்தியல் டாக்டர் பட்டப்படிப்பு) சீட்டு வந்ததும் வீட்ல ஸ்வீட்டு குடுத்துட்டு உக்காந்துடறாங்க, ஆனா பல காலேஜ்ல பேக்ரவுண்ட் செக்கும் (பழைய போலீஸ், கோர்ட் கேஸ் இருக்கான்னு பாக்கறது) டிரக் டெஸ்ட்டும் முடிஞ்சாதான் அந்த சீட்டு உறுதி.

இருக்கறதுலயே மோசமான தப்பு மறைக்கறதுதான். "சின்ன கேஸ்தானே, கோர்ட்டே தள்ளுபடி பண்ணிடுச்சே"ன்னு நினைச்சு, கேஸ் இருக்கான்னு ஃபார்ம்ல கேட்டா 'இல்லை'ன்னு டிக் பண்ணிடறாங்க, தள்ளுபடியான கேஸ்கூட ரிப்போர்ட்ல வரலாம். குடிச்சுட்டு வண்டி ஓட்டின பழைய கேஸ் ஒண்ணு இருந்தா காலேஜ் விசாரிச்சு முடிவெடுக்கும், பொய் சொன்னது தெரிஞ்சா சீட்டே போயிடலாம். கேள்வி கைதானதை பத்தியா, தண்டனையை பத்தியான்னு வார்த்தை வார்த்தையா படிங்க, சீல் பண்ண (கோர்ட் வெளில தெரியாம மூடி வெச்ச) கேஸ்னா வக்கீல்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க.

நம்மாளுங்களுக்கு பேரு ஒரு தனி தலைவலி. பாஸ்போர்ட்ல அப்பா பேரு பின்னாடி, சர்டிஃபிகேட்ல வெறும் இனிஷியல், இன்னொண்ணுல எல்லாம் சேர்ந்து ஒரே பேரு! எல்லா வடிவத்தையும் குடுத்துடுங்க. ரிப்போர்ட்ல வேற யாரோட கேஸாவது ஒட்டியிருந்தா சும்மா விடாதீங்க, ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம்னு ஒரு அமெரிக்க சட்டப்படி நீங்க ஆட்சேபிக்கலாம், பொதுவா 30 நாளுக்குள்ள ரிப்போர்ட் குடுத்த கம்பெனி விசாரிச்சாகணும்.

டிரக் டெஸ்ட்டுக்கு பயந்து லிட்டர் கணக்குல தண்ணி குடிக்காதீங்க. சிறுநீர் குடுக்கற கப்புல ஒட்டியிருக்கற பட்டையில சூடு பாப்பாங்க, லேப்ல கிரியாட்டினின் (சிறுநீர்ல இயல்பா இருக்கற ஒரு கழிவுப்பொருள்) பாப்பாங்க, அது டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு கீழ இருந்தா நீர்த்துப்போன சாம்பிள்னு எழுதி மறுபடி வரச்சொல்லலாம்.

கலிஃபோர்னியால கஞ்சா சட்டப்படி ஓகேதானேன்னு வாதாடாதீங்க, நிறைய காலேஜ் ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) சட்டத்தைதான் பாக்கும். கஞ்சா செடிலேர்ந்து எடுக்கற சிபிடி எண்ணெயும் வேணாம், சிலதுல போதை தர்ற டிஎச்சி கலந்திருக்கு.

அப்புறம் கசகசா! குருமால அரைச்சு ஊத்தறோமே அதேதான், அதுல மார்ஃபின் ஒட்டியிருக்கும். கசகசா குழப்பத்தாலதான் ஃபெடரல் டெஸ்ட்டுல ஓபியேட் (மார்ஃபின், கோடீன் வகை மருந்து) வரம்பை 1998ல மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம்லேர்ந்து 2000க்கு ஏத்துனாங்க, ஆனா எல்லா டெஸ்ட்டும் அந்த வரம்புல நடக்கறதில்ல. டெஸ்ட்டுக்கு சில நாள் முன்னாடியே நிறுத்திடுங்க.

ஊர்லேர்ந்து கொண்டுவந்த கோடீன் இருமல் மருந்து குடிச்சிருந்தா டாக்டர் எழுதிக்குடுத்த மருந்து சீட்டை பத்திரமா வைங்க. பாசிட்டிவ் வந்தா, ரிசல்ட்டை சரிபாக்கற ரிவ்யூ டாக்டர் பொதுவா காலேஜுக்கு சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குதான் ஃபோன் பண்ணுவார், தெரியாத நம்பர்னு கட் பண்ணிடாதீங்க, அந்த சீட்டை காட்ட வேண்டிய நேரமே அதுதான்.