டிடிடி-க்குச் சாகாத பழ ஈ: காரணமான மரபணுவைப் பிடிப்பது எப்படி?

வாழைப்பழத் தோலைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈதான் ட்ரோசோஃபிலா. டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை ஒரே அளவில் கொடுத்தாலும் சில ஈக்கள் சாகும், சில பிழைக்கும். பிழைக்க வைத்தது எந்த மரபணு என்று நிரூபிக்கும் வழியைப் பார்ப்போம்.

படி 1: டிடிடி-யைத் தாங்காத கேண்டன்-எஸ், தாங்கும் ஹிகோனே-ஆர் என இரண்டு வகைகளை ஒரே உணவில், 25 டிகிரியில் வளருங்கள். 3 முதல் 5 நாள் வயதுள்ள பெண் ஈக்களை மட்டும் பிரியுங்கள். பிரிக்கும்போது மயக்கம் தரும் கார்பன் டை ஆக்சைடே ஈயைத் தளர்த்திவிடும். ஒரு நாள் ஓய்வு அவசியம்.

படி 2: கையுறை போட்டு, ஃபியூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) வேலை செய்யுங்கள். அசிட்டோனில் கரைத்த டிடிடி-யைக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, அசிட்டோன் ஆவியாகும்வரை உருட்டிக்கொண்டே இருங்கள். கை நின்றால் மருந்து அடியில் திட்டாகத் தேங்கிவிடும். சுவர் முழுக்க மெல்லிய படலமாக ஒட்ட வேண்டும். ஐந்தாறு அளவுகளில் இப்படிச் செய்யுங்கள். வெறும் அசிட்டோன் உருட்டிய குப்பிகளும் கட்டாயம் வேண்டும். குப்பிக்கு 20 ஈக்கள். குப்பியின் வாயை அடைக்கச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு.

படி 3: 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். மல்லாந்து கிடக்கிறது, ஒரு கால் மட்டும் துடிக்கிறது. அது செத்த கணக்கா, உயிருள்ள கணக்கா? முன்கூட்டியே முடிவுசெய்து நோட்டில் எழுதிவிடுங்கள். பாதி ஈக்கள் சாகும் அளவு எது என்று இரண்டு வகைக்கும் ஒப்பிடுங்கள்.

படி 4: இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு வகைகளுக்கும் இடையே எத்தனையோ மரபணு வேறுபாடுகள் உண்டு. வெறும் ஒப்பீடு எந்த மரபணுவையும் சுட்டிக்காட்டாது. டிடிடி விஷயத்தில் 2002-இல் அடையாளம் கண்டது சிப்6ஜி1. நஞ்சை வேறு பொருளாக மாற்றும் பி450 நொதிக்கான மரபணு அது. அதன் முன்பகுதியில் 'அக்கார்டு' என்ற தாவும் மரபணுத் துண்டு வந்து செருகிக்கொண்டதால் குடல், மால்பிஜியன் குழல்கள் (பூச்சியின் கழிவு நீக்கும் உறுப்பு), கொழுப்புத் திசு ஆகியவற்றில் அந்த நொதி அளவுக்கு மீறி உருவாகிறது. அந்த மரபணுவின் ஆர்என்ஏ (நகல்) அளவைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

படி 5: நிரூபணம் கலப்பில்தான் இருக்கிறது. கேல்4 என்பது மரபணுவை முடுக்கும் புரதம்; யூஏஎஸ் என்பது அது வந்து ஒட்டும் டிஎன்ஏ பகுதி. கேல்4 உள்ள ஈயையும், யூஏஎஸ்-சிப்6ஜி1 உள்ள ஈயையும் கலந்தால், இரண்டும் சேர்ந்த குஞ்சுகளில் மட்டும் மரபணு முடுக்கிவிடப்படும். கேல்4 மட்டும் உள்ளவை, யூஏஎஸ் மட்டும் உள்ளவை என இரண்டையும் பக்கத்திலேயே சோதியுங்கள். அவை சாகும் அளவில் இரண்டும் சேர்ந்த குஞ்சுகள் பிழைத்தால், காரணம் சிப்6ஜி1 என்று தைரியமாக எழுதலாம்.

இது கைவந்ததும் அடுத்து டிஎச்ஆர்96 என்ற புரதத்தை எடுங்கள். நஞ்சு உள்ளே வந்ததும் பல தற்காப்பு மரபணுக்களை இயக்கும் ஏற்பி அது. அது இல்லாத ஈக்களை ஃபீனோபார்பிடால் என்ற மயக்க மருந்தும் டிடிடி-யும் கூடுதலாகத் தாக்கும்.