லிப்ரே ஆபீசுக்கு மாறியதும் செய்ய வேண்டியவை

மைக்ரோசாஃப்ட் ஆபீசிலிருந்து இலவச மென்பொருளான லிப்ரே ஆபீசுக்கு மாறிய கையோடு கண் தேடுவது பழைய ரிப்பனைத்தான், அதாவது மேலே இருக்கும் பொத்தான் பட்டையை. வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் ‘டேப்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஏறக்குறைய அதே அமைப்பு வந்துவிடும். ஏதாவது வசதி கண்ணில் படவில்லையா? ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தி அதன் பெயரைத் தட்டுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஓரிடத்தின் எழுத்து அமைப்பை இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஃபார்மட் பெயின்டருக்கு இங்கே ‘குளோன் ஃபார்மட்டிங்’ என்று பெயர்.

அப்புறம் எழுத்துரு. மைக்ரோசாஃப்டின் கலிப்ரி எழுத்துரு இல்லாத கணினியில் கார்லிட்டோ என்ற இலவச எழுத்துருவைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் எழுத்துகளின் அகலம் ஒன்றே என்பதால் வரிகள் இடம் மாறுவதில்லை. நீண்ட அறிக்கைகளைத் திருத்தும் எனக்கு இது பெரிய நிம்மதி.

எக்செல் மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) எல்லாமே அப்படியே ஓடிவிடும் என்று சொல்ல முடியாது. முக்கியமானவற்றை மாறுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். மூலக் கோப்பை லிப்ரே ஆபீசின் சொந்த வடிவமான ஓடிடி (.odt) வடிவில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு மட்டும் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) நகல் அனுப்புங்கள்.