பத்தடி அகல ஹாலில் பிளானர் மேக்னெடிக் ஸ்பீக்கர்: தேர்வு முதல் நிறுத்துவது வரை

பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் வரிசை வீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அகலம் பத்தடி. நீளம் மட்டும் ரயில் பெட்டி போல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். "இந்த வீட்டில் ஆளுயர ஸ்பீக்கரா, சரிப்படாது" என்று பலர் ஆரம்பத்திலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. பிளானர் ஸ்பீக்கருக்கு அகலம் குறைந்தாலும் சமாளிக்கலாம், முதுகுக்குப் பின்னால்தான் இடம் வேண்டும். அந்த இடத்தை நீளமான ஹால் தாராளமாகத் தரும்.

அது என்ன ஸ்பீக்கர் என்று முதலில் பார்த்துவிடுவோம். சாதாரண ஸ்பீக்கரில் காகிதக் கூம்பின் நடுவில் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். சுருள் தள்ளும், கூம்பு அசையும், பின்பக்கம் போகும் சத்தத்தை மரப்பெட்டி அடைத்து வைக்கும். பிளானரில் பெட்டியே கிடையாது. காத்தாடித் தாளைப் போல மெல்லிய மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தை ஒரு சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, அதன்மேல் நெடுக ஒயரையோ அலுமினியப் பட்டையையோ ஒட்டியிருப்பார்கள். அதை ஒட்டினாற்போல் காந்தங்கள் வரிசையாக நிற்கும். ஒயரில் பாட்டின் மின்சாரம் ஓடினால் படலம் மொத்தமும் சேர்ந்து முன்னும் பின்னும் அசையும். படலத்துக்கு எடையே இல்லை என்பதால் கடத்தில் விரல்நுனி படும் அந்தச் சின்ன ஒலிகூடத் தனியாகக் காதில் விழும். முதல்முறை கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இந்த வகையில் அதிகம் பேசப்படும் பெயர் அமெரிக்காவின் மேக்னெபான். 3எம் நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்த ஜிம் வைனி 1969ல் மின்னசோட்டாவில் ஆரம்பித்தது. பார்க்க இதே போல இருக்கும் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு உயர் மின்னழுத்தமும் சுவரில் தனி பிளக்கும் தேவை, ஈரக்காற்று வேறு தொல்லை. காசிமேட்டுக் கடற்காற்று வீசும் வீட்டுக்கு நான் பிளானரைத்தான் சொல்வேன்.

முதலில் ஹாலை அளந்துகொள்ளுங்கள்

பெட்டி இல்லாததால் முன்னால் எவ்வளவு சத்தம் வருகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு பின்னாலும் போகும், ஆனால் தலைகீழாக. படலம் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பேனலின், அதாவது படலமும் சட்டமும் சேர்ந்த அந்தப் பலகையின், விளிம்புக்கு நேர் பக்கவாட்டில் இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பாட்டு ஓடும்போது பேனலின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், சத்தம் சட்டென்று உள்வாங்கிவிடும். பக்கச்சுவருக்குப் போவது குறைவு என்பதால் குறுகிய ஹால் தாங்குகிறது. பொதுச்சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களுக்கும் தொந்தரவு குறைவு.

பின்னால் போன சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். பேனல் சுவரை ஒட்டி இருந்தால் அது உடனே வந்து முன்பக்கச் சத்தத்தோடு மோதி பேஸைத் தின்றுவிடும். பெட்டி ஸ்பீக்கரைச் சுவரோரம் தள்ளினால் பேஸ் கூடும். இங்கே அதே காரியம் பேஸைக் குறைக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் டிவி ஸ்டாண்டுக்கு இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக நிறுத்திவிட்டு "ஒல்லியான சத்தம்" என்று குறை சொன்னவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். குறைந்தது மூன்றடி, முடிந்தால் நான்கடி விடுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் பின்சத்தம் ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். அந்தத் தாமதம்தான் பாடகருக்குப் பின்னால் ஒரு ஆழம் இருப்பது போன்ற உணர்வைத் தருகிறது.

ஆக, அகலம் குறைந்த சுவரின் பக்கம் ஸ்பீக்கர், நீளவாக்கில் நீங்கள். பத்துக்குப் பதினெட்டு ஹால் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: சுவருக்கும் பேனலுக்கும் நான்கடி, பேனலுக்கும் நாற்காலிக்கும் எட்டரை முதல் ஒன்பதடி, உங்கள் தலைக்குப் பின்னால் மிச்சம்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை பேனல் அளவுக்கு வெட்டி அந்த இடத்தில் ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். வீட்டில் நடமாட்டம் எங்கே இடிக்கிறது என்று அட்டையே சொல்லிவிடும். மேக்னெபானின் சின்ன பேனல் எல்ஆர்எஸ் நான்கடி உயரம், அகலம் பதினான்கரை அங்குலம். அதே நிறுவனத்தின் பெரிய மாடல் 1.7i ஐந்தடியைத் தாண்டும். இந்த ஹாலுக்கு எல்ஆர்எஸ் அளவே போதும். பேஸில் அது 50 ஹெர்ட்ஸ் வரைதான் இறங்கும், தவிலும் கித்தாரும் தாராளமாக நிறையும். சினிமாவின் இடிச்சத்தம் வேண்டுமென்றால் பிறகு ஒரு சப் ஊஃபர் சேர்த்துக்கொள்ளலாம்.

பழையது வாங்கினால்

நான் முதலில் வாங்கியது பழைய ஜோடி. விற்றவர் வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பத்து நிமிடம் கேட்டேன், தேன் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் ஏற்றியதும் இடது பேனலில் ஈ பறப்பது போல ஒரு ரீங்காரம். படலத்தில் ஒட்டியிருந்த ஒயர் சில இடங்களில் பசை விட்டுப் பிரிந்திருந்தது. வெயிலும் ஈரமும் வயதும் சேர்ந்தால் இது வரும். அதனால் நீங்கள் போகும்போது போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்டு, 40 ஹெர்ட்ஸிலிருந்து 1000 வரை மெதுவாக ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். பாட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ரீங்காரம் இதில் ஒளிய முடியாது. ஒரு மல்டிமீட்டரும் எடுத்துப் போங்கள். 4 ஓம் பேனல் அதை ஒட்டிய அளவைக் காட்ட வேண்டும், இரண்டு பேனலும் ஒத்துப்போக வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர்

இந்த ஸ்பீக்கர்கள் சத்தத்துக்கு மின்சாரம் அதிகம் கேட்கும். எல்ஆர்எஸ்ஸின் திறன் 86 டெசிபல், மின்தடை 4 ஓம். ஆம்பின் பின்னால் 4 ஓம் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 8 ஓமில் 100 வாட் தருவது 4 ஓமில் 200க்குப் பக்கத்தில் வந்தால் அதன் பவர் சப்ளை பலமானது என்று நம்பலாம். சின்ன ஹோம் தியேட்டர் ரிசீவர் பாதிப் பாட்டில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளக்கூடும். விலை உயர்ந்த கேபிளுக்குச் செலவு செய்ய வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் இரண்டரை சதுர எம்எம் காப்பர் ஒயர் போதும். பேனலில் ஃபியூஸ் இருந்தால் அதே அளவுதான் மாற்ற வேண்டும். கம்பி சுற்றி ஓட்டினால் ட்வீட்டர் (கூர்மையான மேல் ஒலிகளைத் தரும் பகுதி) போய்விடும்.

நிறுத்துவது

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்குங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், சுற்றும் றெக்கையின் இரைச்சல் நுணுக்கத்தை மறைக்கும்.

இரண்டு பேனலும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும்: ஒரு ஓரத்தில் ட்வீட்டர், மறு ஓரத்தில் பேஸ். குறுகிய ஹாலில் ட்வீட்டரை வெளிப்பக்கம் வைத்து ஆரம்பியுங்கள், மேடை அகலமாகத் தெரியும். நடுவுக்கு நடு ஆறடி இடைவெளி. தரையின் டைல்ஸ் கோடே அளவுகோல், அதிலிருந்து எண்ணினால் இரண்டு பக்கமும் பிசகாது.

அடுத்து நூல். நாற்காலியில் தலை இருக்கும் இடத்தில் ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை இடது ட்வீட்டர் வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு வலது ட்வீட்டரையும் தொட வேண்டும். அரை அங்குலம் தவறினாலும் குரல் ஒரு பக்கம் சாயும். பேஸ் பகுதியைவிட ட்வீட்டர் காதிலிருந்து கொஞ்சம் தூரமாக இருக்கும்படி பேனலை லேசாகத் திருப்புங்கள். அப்புறம், கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றை இரவல் வாங்கி இரண்டு பேனலின் மேல்முனையிலிருந்தும் தொங்கவிடுங்கள். குண்டுக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டிலும் ஒன்றாக இருந்தால் சாய்மானம் ஒன்று. என் வீட்டில் தரை வாசல் பக்கம் சரிவு. ஒரு பேனலுக்கு அடியில் மடித்த அட்டை வைத்த பிறகுதான் பாடகர் நடுவில் வந்து நின்றார்.

இப்போது மோனோவில், அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வரும்படி, பதிவான ஐம்பதுகளின் பாட்டு ஒன்றைப் போடுங்கள். டி.எம்.எஸ். குரல் ஒரு ஆள் வாய் அளவில், சரியாக நடுவில் நிற்க வேண்டும். குரல் எங்கே என்று தெரியாமல் அறை முழுக்கப் பரவினால் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. நடுவில் இருந்தும் கூர்மையாகக் குத்தினால் உங்களுக்கும் பேனலுக்கும் நடுவே தரையில் ஒரு ஜமுக்காளத்தை விரியுங்கள், மொசைக்கிலிருந்து எகிறும் சத்தம் அடங்கும். பின்சுவரில் கனமான திரையைத் தொங்கவிட அவசரப்பட வேண்டாம். அந்த எதிரொலி வேண்டியதுதான். புத்தக அலமாரி இருந்தால் அது சத்தத்தைச் சிதறடித்து நல்லதே செய்யும். இரும்பு பீரோவும் பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரமும் பேஸ் வந்தால் கூடவே அதிரும், நடுவில் ஒரு துணி செருகுங்கள்.

பேஸ் குறைவாகத் தோன்றினால் பேனலை இரண்டு இரண்டு அங்குலமாக முன்னே நகர்த்திக் கேளுங்கள். ஒரு இடத்தில் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பி திடீரென்று உடல் பெறும். அங்கே நிறுத்திவிட்டுத் தரையில் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள், வீடு துடைத்த பிறகு திரும்ப வைக்க அது வேண்டும்.

ஜன்னல் வெயில் பேனலில் விழக்கூடாது. எண்ணூர்ப் பக்கம் சாம்பல்தூசு அதிகம், கேட்காத நேரம் பருத்தித் துணியால் மூடுங்கள். மென்மையான பிரஷ்ஷால் மேலாகத் தட்டினால் போதும், விரலால் அழுத்தித் துடைக்க வேண்டாம். ஸ்க்ரூடிரைவர், ஆணி எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், காந்தம் இழுத்துப் படலத்தைக் கிழித்துவிடும். 2015, 2023 டிசம்பர் மழைகளில் தெருத்தண்ணீர் ஹாலுக்குள் வந்த வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். ஐப்பசி பிறந்ததும் ஒயரைக் கழற்றி, பேனல்களைத் துணி சுற்றிக் கட்டில் மேல் எப்போது வேண்டுமானாலும் ஏற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள்.