நாய்க்குட்டிக்குக் குடற்புழு மருந்து: எங்கே தவறுகிறோம்?

"மலத்தில் புழு எதுவும் தெரியவில்லையே, அப்புறம் எதற்கு மருந்து?" நாய் வளர்க்கும் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். குட்டிகள் விஷயத்தில் இந்த நினைப்பு உயிருக்கே உலை வைத்துவிடும். உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாயின் உடலுக்குள் அசையாமல் கிடக்கும். தாய் சினையானதும் விழித்து, கருவிலேயே குட்டிக்குள் புகுந்துவிடும். கொக்கிப்புழு தாய்ப்பாலோடு போகும். அதனால்தான் பிறந்த 2 வாரத்திலேயே மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்கள். 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. அந்த நாட்களில் தாய்க்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

கொக்கிப்புழுவை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது குடலைக் கடித்து ரத்தம் குடிக்கும். குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளிறிப்போய், மலமும் தார் போலக் கறுத்திருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. புழு முட்டையிடத் தொடங்கும் முன்பே ரத்தம் குடிக்கத் தொடங்கிவிடும்.

ஒரு வேளை மருந்தோடு நிறுத்துவது அடுத்த தவறு. பெரும்பாலான மருந்துகள் குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். உடலுக்குள் சுற்றும் இளம்புழுக்கள் பிறகு குடலுக்கு வந்து சேரும், அவற்றுக்குத்தான் அடுத்த தவணை. மருந்து கொடுத்த மறுநாள் புழு நெளிந்துகொண்டு வெளியே வந்தால் பதறி மறுபடி ஊற்றாதீர்கள், மருந்து வேலை செய்கிறது.

ஆசனவாய் ஓரம் அரிசி மணி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. பைரன்டெல் மட்டும் உள்ள மருந்து அதை ஒன்றும் செய்யாது, பிராசிகுவான்டெல் வேண்டும். பொதுவாக வரும் நாடாப்புழு தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

அளவைக் கண்மதிப்பில் ஊற்றாதீர்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் ஓரளவு தெரிந்துவிடும். ரொம்பச் சின்னக் குட்டி என்றால் சமையலறைத் தராசு. பூண்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். அது நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், ஏற்கெனவே ரத்தம் குறைந்த குட்டி தாங்காது.

மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். உருண்டைப்புழுவின் முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். அதற்கப்புறம் அந்த மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வயிற்றுக்குள்ளும் போகும்.